யார் சொன்னது? - ஆய்வுக் கட்டுரை எழுதும் தாதி மாணவியருக்கு





ரமழானுக்கு இன்னும் இரண்டு வாரங்களே இருக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். நீங்கள் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் வருட மாணவி. வாட்டில் காலைக் கடமையில் நிற்கின்றீர்கள். சுகமாகி வீட்டுக்குப் போக ஆயத்தமாகும் ஒரு மூதாட்டி உங்கள் கையைப் பிடித்துக் கொண்டு கேட்கின்றார்:

"மகள், எனக்குச் சீனி வருத்தம். இந்த முறை நோன்பு புடிக்க ஏலுமா?"

வைத்தியரிடம் கேட்க அவருக்குக் கூச்சம். மொழியும் ஒரு தடையாக இருக்கலாம். நீங்களோ அவருடைய மொழியைப் பேசும் பிள்ளை; நோன்பு என்றால் அவருக்கு என்னவென்று அறிந்த பிள்ளை. நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையை அவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வார். மகளிடம் சொல்வார், மருமகளிடம் சொல்வார். "ஆஸ்பத்திரியில நேர்ஸ் பிள்ளை சொன்ன" என்று அது ஊர் முழுக்கப் பரவும்.

இதே நாட்களில் கல்லூரியிலும் உங்களுக்கு ஆய்வுக் கட்டுரை ஒன்று தரப்பட்டிருக்கின்றது. "நம்பத்தகுந்த சஞ்சிகைகளிலிருந்து குறைந்தது பத்து ஆதாரங்கள் காட்டப்பட வேண்டும்" என்பது விரிவுரையாளரின் நிபந்தனை. "நீரிழிவு நோயாளரும் ரமழான் நோன்பும்" என்ற தலைப்பையே தெரிவு செய்து விட்டீர்கள். இரவில் கைத்தொலைபேசியில் தேடினால் இலட்சக்கணக்கில் வந்து கொட்டுகின்றன. மருந்துக் கடைக்காரரின் விளம்பரம், யாரோ ஒருவரின் காணொளி, பத்திரிகைச் செய்தி, இடையிடையே புரியாத ஆங்கிலத்தில் சில ஆய்வுகள். இவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது?

இவ்விடத்தில்தான் அநேக மாணவியர் தவறு செய்கின்றனர். கட்டுரையை முதலில் எழுதி முடித்து விடுகின்றனர். பின்னர் ஒவ்வொரு பந்தியின் முடிவிலும் ஒட்டுவதற்குப் பத்துப் பெயர்களைத் தேடிப் புறப்படுகின்றனர். ஆதாரம் வெறும் அலங்காரமாகி விடுகின்றது. உண்மையில் ஆதாரம் என்பது சாட்சி. அந்த மூதாட்டியின் கேள்விக்கு நாளை நீங்கள் சொல்லப் போகும் பதிலின் சாட்சி. சாட்சியை விசாரிக்காமல் ஏற்பவர், அதனால் வரும் தீங்கில் தனக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட முடியுமா?

இது நமக்குப் புதிதல்ல

ஆதாரம் தேடுவதை மேல்நாட்டார் கண்டுபிடித்த கலை என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கின்றோம். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தை நினைத்துப் பாருங்கள். நம்பத்தகாத ஒருவர் செய்தி கொண்டு வந்தால் அதைத் தீர விசாரிக்கும்படி அது நமக்குக் கட்டளையிடுகின்றது. விசாரிக்காமல் நடந்தால் அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்து விட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்றும் எச்சரிக்கின்றது.

ஹதீஸ் கலை வல்லுனர்கள் இந்தக் கட்டளையின் மீதே தமது வாழ்நாளைச் செலவிட்டனர். ஒரு செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் "இதை உமக்குச் சொன்னது யார்? அவருக்குச் சொன்னது யார்?" என்று அறிவிப்பாளர் வரிசையைக் கேட்டனர். அந்த வரிசையிலுள்ள ஒவ்வொருவரின் நேர்மையையும் ஞாபக சக்தியையும் விசாரித்தனர். ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்கள் ஒரேயொரு ஹதீஸை அதைக் கேட்டவரின் வாயாலேயே கேட்பதற்காக ஒரு மாதகாலம் பயணம் செய்து ஷாம் தேசம் சென்று அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரழி) அவர்களைச் சந்தித்தார்கள். கைத்தொலைபேசியில் நான்கு நிமிடம் தேடியதும் களைத்துப் போகும் நாம் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

தாதியியல் கட்டுரையில் ருஃபைதா (ரழி) அவர்களைப் பற்றி ஒரு பந்தி எழுதுவது நம் மாணவியருக்கு விருப்பமானது. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள், காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்து வந்த அப்பெண்மணியின் பராமரிப்பில் ஒப்படைக்கப்பட்ட செய்தி இமாம் புகாரியின் 'அல் அதபுல் முஃப்ரத்' நூலில் இடம்பெற்றுள்ளது. ஆனால் இன்று இணையத்தில் அவரைப் பற்றி நீண்ட கதைகள் பல உலாவுகின்றன. எங்கிருந்து பெறப்பட்டவை என்ற குறிப்பு அவற்றில் பலவற்றில் இல்லை. நாம் நேசிக்கும் ஒருவரைப் பற்றிய செய்தியாயினும் 'யார் சொன்னது' என்று கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

தேடத் தவறியதால் போன உயிர்

"ஒரு மாணவியின் கட்டுரைதானே, யாருக்கு என்ன கெடுதல்?" என்று நீங்கள் கேட்கலாம். 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

ஆஸ்துமா நோய் பற்றிய ஓர் ஆய்வுக்காக, நல்ல சுகத்துடன் இருந்த 24 வயதுப் பெண்ணொருவர் தானாக முன்வந்தார். ஹெக்ஸாமெதோனியம் என்னும் இரசாயனம் சுவாசத்தின் மூலம் அவருக்குக் கொடுக்கப்பட்டது. அவருடைய நுரையீரல்கள் பழுதடைந்தன. ஒரு மாதத்துக்குள் ஜூன் 2ஆம் திகதி அவர் காலமானார்.

ஆய்வை நடத்தியவர் முன்னைய கட்டுரைகளைத் தேடாமல் இருக்கவில்லை. கணனியில் தேடினார். ஆனால் அவர் பயன்படுத்திய தேடற்களஞ்சியம் அக்காலத்தில் 1966ஆம் ஆண்டு முதலான கட்டுரைகளையே காட்டியது. அந்த மருந்தினால் நுரையீரலுக்கு ஏற்படக்கூடிய தீங்கு பற்றிய அறிக்கைகள் 1950களிலேயே வெளியாகி, அச்சிட்ட சஞ்சிகைகளில் நூலகங்களின் அலுமாரிகளில் கிடந்தன. அந்தச் சாட்சி அங்கேயே இருந்தது, அழைக்கப்படவில்லை.

"கடந்த ஐந்து வருடக் கட்டுரைகள் மட்டும்" என்று கல்லூரிகளில் சொல்வதுண்டு. மருத்துவம் மாறிக்கொண்டே இருப்பதால் அது நல்ல விதிதான். ஆனால் ஒரு விடயத்தின் அடிப்படை பழைய கட்டுரையில் இருக்குமானால் அதையும் தேடிப் படியுங்கள். பின்னர், அதற்குப் பிறகு வந்தவர்கள் அதை உறுதிப்படுத்தினார்களா, மறுத்தார்களா என்று பாருங்கள்.

முதலில் கேள்வியைச் சீராக்குங்கள்

"நீரிழிவும் நோன்பும்" என்பது தலைப்பு, கேள்வியல்ல. கேள்வி தெளிவாக இருந்தால்தான் விடை கிடைக்கும். நான்கு பகுதிகளாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். நோயாளர் யார்? அவருக்கு என்ன செய்யப்படுகின்றது? எதனோடு ஒப்பிடுகின்றோம்? எந்த விளைவைப் பார்க்கின்றோம்?

உதாரணமாக இப்படி எழுதலாம்: "மாத்திரை எடுக்கும் இரண்டாம் வகை நீரிழிவு நோயாளருக்கு, ரமழானுக்கு முன்னர் தாதியர் விளக்கம் கொடுத்தால், கொடுக்காதோரை விட, நோன்பு காலத்தில் இரத்தத்தில் சீனி அளவுமீறிக் குறைவது தடுக்கப்படுகின்றதா?" இப்பொழுது எந்தச் சொற்களைத் தேட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

சொற்களில் ஒரு கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் நமது நோன்பு மாதத்தின் பெயரை ரமடான், ரமதான், ரமழான், ரம்ஸான் என்று பலவிதமான எழுத்துகளில் எழுதுகின்றனர். ஒரு எழுத்தமைப்பை மட்டும் தேடினால் மற்றவற்றில் உள்ளவை தப்பிவிடக் கூடும். ஒரே பொருளுள்ள சொற்களுக்கிடையில் 'அல்லது' என்று பொருள்படும் 'ஓர்' என்ற ஆங்கிலச் சொல்லையும், வெவ்வேறு விடயங்களுக்கிடையில் 'அன்ட்' என்ற சொல்லையும் இட்டுத் தேடுங்கள். முன்னது வலையை விரிக்கும். பின்னது அதைச் சுருக்கும்.

எங்கே தேடுவது?

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் 'பப்மெட்' முதலிடம் பெறுகின்றது. 1879இல் ஆரம்பிக்கப்பட்ட 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற தடித்த அச்சுத் தொகுதிகளின் வழிவந்தது இது. 1997ஆம் ஆண்டு முதல் எவரும் பணமின்றிப் பயன்படுத்தலாம். இதில் கட்டுரைகளின் விபரமும் சுருக்கமும் கிடைக்கும். முழுக் கட்டுரை இலவசமாகக் கிடைப்பவற்றை மட்டும் காட்டும்படியும் கேட்கலாம். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'பப்மெட் சென்ட்ரல்' என்னும் அதன் கிளையில் முழுக் கட்டுரைகளே உள்ளன.

தாதியியலுக்கென்றே உள்ளது 'சினால்'. 1961இல் அச்சுச் சுட்டியாக வெளிவரத் தொடங்கிய இது இன்று கட்டணம் செலுத்தும் நிறுவனங்களுக்கே கிடைக்கின்றது. உங்கள் கல்லூரிக்கோ அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்துக்கோ அந்த வசதி உண்டா என்று விசாரியுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் வெளியீட்டாளர்களுடன் சேர்ந்து 2002இல் ஆரம்பித்த 'ஹினாரி' திட்டம், வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்கு மருத்துவச் சஞ்சிகைகளை இலவசமாகவோ குறைந்த விலையிலோ வழங்குகின்றது. இது தனிநபருக்கல்ல, நிறுவனங்களுக்கே வழங்கப்படுகின்றது. ஆகவே உங்கள் நிறுவனம் பதிவு செய்துள்ளதா என்று நூலகரிடம் கேளுங்கள். நூலகரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். அவர் பணியே அதுதான்.

நமது நாட்டைப் பற்றிய ஆய்வுகளுக்கு 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' என்னும் களஞ்சியம் உண்டு. தேசிய விஞ்ஞான மன்றத்தின் பொறுப்பிலுள்ள இது, இலங்கையில் வெளிவரும் ஆய்வுச் சஞ்சிகைகளை ஒரே இடத்தில் தருகின்றது. 1887இல் தொடங்கிய வரலாறுடைய 'சிலோன் மெடிக்கல் ஜேர்னல்' முதலியவற்றை அங்கே படிக்கலாம். வெளிநாட்டு ஆய்வுகள் பத்தை அடுக்கி, நம் நாட்டு ஆய்வு ஒன்றையும் தேடிப் பாராமல் கட்டுரை எழுதுவது நல்லதல்ல. கண்டியிலோ காத்தான்குடியிலோ வாழும் நோயாளியின் சாப்பாடும் வெயிலும் வேலையும் இலண்டன் நோயாளியினுடையவை அல்ல.

முழுக் கட்டுரை கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். கட்டுரையிலேயே ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். பணிவாக இரண்டு வரி எழுதிக் கேட்டால் பிரதியை அனுப்பி வைக்கும் ஆய்வாளர்கள் ஏராளம்.

விக்கிப்பீடியாவையும் வைத்திய இணையப் பக்கங்களையும் பார்க்கவே கூடாது என்பதில்லை. விடயத்தை விளங்கிக் கொள்ள அவை உதவும். ஆனால் அவை வாசல், சாட்சியல்ல. கீழே தரப்பட்டிருக்கும் மூலக் கட்டுரையைப் பிடித்துக் கொண்டு மேலே போங்கள்.

எல்லாச் சாட்சியும் ஒரே தரமல்ல

ஹதீஸ்களில் ஸஹீஹ், ஹஸன், ழயீஃப் என்று தரம் உண்டல்லவா? ஆய்வுகளிலும் தரம் உண்டு. ஒரு நிபுணரின் தனிப்பட்ட அபிப்பிராயம் கீழ்ப்படி. ஓரிரு நோயாளர்களைப் பற்றிய அறிக்கை அதற்கு மேல். பெருந்தொகையானோரைக் காலகதியில் அவதானிக்கும் ஆய்வு அதற்கும் மேல். நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் சிகிச்சையை ஒப்பிடும் ஆய்வு அதனிலும் மேலானது. இவ்வாறான ஆய்வுகள் எல்லாவற்றையும் ஒழுங்காகத் தேடித் திரட்டி நிறுத்துப் பார்க்கும் 'முறைசார் மீளாய்வு' எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கப்படுகின்றது. 1993இல் ஒக்ஸ்போர்டில் ஆரம்பிக்கப்பட்ட 'கொக்ரேன்' அமைப்பு இத்தகைய மீளாய்வுகளுக்குப் பேர்பெற்றது. அதன் எளிய சுருக்கங்கள் சில தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன.

இவ்வாறு திரட்டிப் பார்ப்பதில் என்ன பயன் என்பதற்குக் குழந்தைகளின் தூக்கமே சான்று. மேல்நாடுகளில் புகழ்பெற்ற டொக்டர் ஸ்பொக்கின் குழந்தை வளர்ப்பு நூல், 1950களின் பிற்பகுதி தொடக்கம், குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கும்படி பெற்றோருக்குச் சொல்லி வந்தது. மருத்துவமனைகளிலும் அதுவே நடந்தது. பிரித்தானியாவில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலுமே மல்லாந்து படுக்க வைக்கும் பெரும் பிரசாரம் தொடங்கியது. பின்னர் 2005இல் வெளியான ஒரு மீளாய்வு கூறியது என்ன தெரியுமா? குப்புறப் படுப்பதன் ஆபத்து பற்றிய சான்றுகளை 1970லேயே திரட்டிப் பார்த்திருந்தால், பிரித்தானியாவில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிசு மரணங்களையும், ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரேலிய வட்டாரங்களில் குறைந்தது ஐம்பதாயிரம் மரணங்களையும் தவிர்த்திருக்கலாம் என்பதே.

பிள்ளைகள் மீது அன்புள்ளவர்கள்தாம் அந்த ஆலோசனையைச் சொன்னார்கள். அன்புள்ளவர்கள்தாம் அதைக் கேட்டு நடந்தார்கள். நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

சாட்சியை விசாரியுங்கள்

நல்ல சஞ்சிகை, தனக்கு வரும் கட்டுரையை அதே துறையில் தேர்ந்தவர்கள் இருவர் மூவரிடம் கொடுத்துப் பரிசோதித்த பின்னரே வெளியிடும். இந்தச் சோதனை இருப்பதாகப் பொய் சொல்லி, எழுதியவரிடம் பணம் வாங்கிக் கொண்டு எதையும் அச்சேற்றும் சஞ்சிகைகளும் உண்டு.

2013ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' சஞ்சிகைக்காக ஜோன் பொஹானன் என்பவர் ஒரு சோதனை செய்தார். இல்லாத ஆராய்ச்சியாளரின் பெயரில், பார்த்தவுடன் பிழை தெரியக்கூடிய ஒரு போலிக் கட்டுரையைத் தயாரித்து 304 சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 157 சஞ்சிகைகள் அதை ஏற்றுக் கொண்டன! அப்படியானால் உங்கள் கைக்கு வரும் கட்டுரை எத்தகைய சஞ்சிகையில் வந்தது என்பதைப் பாராமல் இருக்கலாமா?

சில அடையாளங்களைக் கவனியுங்கள். சில நாட்களில் பிரசுரிப்பதாக வாக்களித்தல், ஆசிரியர் குழுவின் பெயர்களோ முகவரியோ சரியாக இல்லாமை, பிரபல சஞ்சிகையின் பெயரைப் போலவே ஒரு பெயர், எல்லாத் துறைகளையும் ஒரே சஞ்சிகையில் திணித்தல் என்பன சந்தேகத்துக்குரியவை. சஞ்சிகையின் பெயர் 'மெட்லைன்' பட்டியலிலோ, 2003இல் ஆரம்பமான 'டைரக்டரி ஒஃப் ஓபன் அக்சஸ் ஜேர்னல்ஸ்' பட்டியலிலோ இருக்கின்றதா என்று பாருங்கள். கூகுள் ஸ்கொலரில் கிடைத்தது என்பது மட்டும் நற்சான்றாகாது. அது நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே அள்ளித் தரும்.

பெரிய சஞ்சிகை என்பதும் முழுப் பாதுகாப்பல்ல. 1998இல் 'லான்செட்' சஞ்சிகையில் அன்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் 12 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, சின்னமுத்துத் தடுப்பூசி அடங்கிய எம்.எம்.ஆர். ஊசியை ஓட்டிசத்துடன் தொடர்புபடுத்திப் பெற்றோரைக் கலங்கடித்தது. கட்டுரையில் உண்மைக்கு மாறான விபரங்கள் இருந்ததும், அவர் வழக்கறிஞர் தரப்பிலிருந்து பணம் பெற்றதும் பின்னர் வெளிவந்தன. 2010 பெப்ரவரியில் லான்செட் அதை வாபஸ் பெற்றது. அதே ஆண்டில் அவர் பெயர் பிரித்தானிய வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் அந்தக் கட்டுரையின் நிழல் இன்றும் நம் தாய்மாரின் வாட்ஸ்அப் குழுக்களில் திரிகின்றது.

2020 மே 22இல் கொவிட் நோய்க்கான மருந்தொன்றைப் பற்றி, 96,000 நோயாளரின் தரவுகள் எனக் கூறி அதே சஞ்சிகையில் வெளியான இன்னொரு கட்டுரை, தரவுகளைச் சரிபார்க்க முடியாமற் போனதால் ஜூன் 4இல் வாபஸ் பெறப்பட்டது. பதின்மூன்று நாட்கள்தாம். அதற்குள் உலக சுகாதார நிறுவனமே தனது பரிசோதனையின் ஒரு பகுதியை இடைநிறுத்தியிருந்தது.

ஆகவே ஒரு கட்டுரையைச் சேர்க்குமுன் அது வாபஸ் பெறப்பட்டதா என்று பாருங்கள். பப்மெட்டில் கட்டுரையின் தலைப்புக்கு அருகிலேயே அந்த அறிவித்தல் இருக்கும். 'ரிட்ராக்ஷன் வொட்ச்' என்ற அமைப்பு திரட்டிய வாபஸ் பட்டியலும் 2023 முதல் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்பதைக் கட்டுரையின் கடைசியில் தேடிப் படியுங்கள். பணம் வாங்கினால் ஆய்வு பொய் என்றாகாது; ஆனால் சாட்சிக்கும் வழக்குக்கும் உள்ள உறவை நீதிபதி அறிந்திருக்க வேண்டும்.

இட்டுக்கட்டப்பட்ட ஆதாரங்கள்

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் "இத்தலைப்பில் பத்து ஆதாரம் தா" என்று கேட்கும் பழக்கம் இப்போது வந்துள்ளது. அவை நொடியில் தரும். ஆசிரியர் பெயர், சஞ்சிகைப் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் இருக்கும். சிலவேளை அப்படியொரு கட்டுரையே உலகில் இராது! 2023இல் நியூயோர்க்கில் இரு வழக்கறிஞர்கள் இவ்வாறு பெற்ற இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்து 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டனர்.

அறிவிப்பாளர் வரிசையையே புனைந்து ஒட்டிய செய்திகளை நமது அறிஞர்கள் 'மவ்ழூஃ', இட்டுக்கட்டப்பட்டது என்றனர். இதுவும் அதே வகைதான். விளங்காத ஆங்கில வசனத்தை விளங்கிக் கொள்ளவோ, தேடற் சொற்களை யோசிக்கவோ அச்செயலிகளின் உதவியைக் கல்லூரி அனுமதிக்கும் அளவுக்குப் பெறலாம். ஆனால் நீங்கள் கண்ணால் கண்டு திறந்து படிக்காத எந்தக் கட்டுரையையும் உங்கள் பெயரின் கீழ் எழுதாதீர்கள். பெரும்பாலான புதிய கட்டுரைகளுக்கு 'டீ.ஓ.ஐ.' என்ற அடையாள இலக்கம் உண்டு. அதை இணையத்தில் இட்டால் கட்டுரை இருக்க வேண்டிய இடத்துக்கே போகும். போகவில்லையானால் உஷாராகுங்கள்.

சுருக்கத்துடன் நின்று விடாதீர்கள்

நமது தலைப்புக்கே வருவோம். தேடும்போது 'எபிடியார்' என்ற ஆய்வு பல கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். 13 நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளரிடம் 2001ஆம் ஆண்டின் ரமழானைப் பற்றி விசாரித்து, 2004இல் 'டயபட்டீஸ் கெயார்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு அது. "நோன்பினால் சீனி ஆபத்தாகக் குறைவது ஏழரை மடங்காகின்றது" என்று அதைக் காட்டி எழுதி விடுவார்கள். நீங்களும் அப்படியே பிரதி செய்யலாம். செய்யாதீர்கள். மூலத்துக்குப் போங்கள்.

மூலத்தில் என்ன இருக்கின்றது? இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில், வைத்தியசாலையில் சேர்க்க வேண்டிய அளவுக்குச் சீனி குறைந்த சம்பவங்கள், நூறு பேருக்கு மாதமொன்றுக்கு 0.4 ஆக இருந்து ரமழானில் 3 ஆகக் கூடின. ஏழரை மடங்கு என்பது இதுதான். முதலாம் வகையில் 3 ஆக இருந்தது 14 ஆனது. 'ஏழரை மடங்கு' என்று மட்டும் சொன்னால் நோன்பு பிடிப்போர் எல்லோரும் மயங்கி விழுவர் என்று தோன்றும். 'நூறில் மூன்று' என்று மட்டும் சொன்னால் அற்பமாகத் தோன்றும். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே அமானிதம்.

இன்னும் பாருங்கள். நோயாளரிடம் நடந்து முடிந்த பின்னர் விசாரித்த ஆய்வு அது. 13 நாடுகளில் இலங்கை இல்லை. அதன் பின் புதிய மருந்துகளும் வந்துள்ளன. இவற்றையெல்லாம் எழுதினால் உங்கள் கட்டுரை பலவீனமாகாது, நேர்மையாகும். அடுத்ததாக, சர்வதேச நீரிழிவு சம்மேளனமும் ரமழான் நீரிழிவுக் கூட்டமைப்பும் இணைந்து 2016இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டியைப் படியுங்கள். ஒவ்வொரு ஆலோசனைக்கும் அடிப்படையான ஆய்வுகள் அதிலே உண்டு. அவற்றைப் பிடித்துக் கொண்டு மேலும் பத்துக் கட்டுரைகளை நீங்களே கண்டடையலாம். ஒரு நல்ல ஆதாரம் தனியாக வருவதில்லை. தன் உறவினரையும் அழைத்து வரும்.

படித்தவற்றைக் கொப்பி ஒன்றில் குறித்துக் கொள்ளுங்கள். யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்த நாட்டில், எத்தனை பேரிடம், எந்த முறையில், என்ன கண்டார்கள், என்ன குறை என்று ஏழு நிரல் போதும். கட்டுரை எழுத உட்காரும்போது இந்தக் கொப்பியே பாதி வேலையை முடித்திருக்கும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இந்தச் சஞ்சிகையை வீட்டில் எல்லோரும் படிப்பீர்கள். உங்கள் வீட்டில் தாதி மாணவி ஒருவர் இருந்தால், அவர் நள்ளிரவு வரை திரையைப் பார்த்துக் கொண்டிருப்பதைக் கண்டு "போனைக் கீழே வை" என்று சொல்லுமுன் என்ன படிக்கின்றார் என்று கேளுங்கள். மகளை நூலகத்துக்கு அழைத்துச் செல்லும் வாப்பா, இணையச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுக்கும் நாநா, சமையலறை வேலையில் ஒரு நாள் விடுமுறை தரும் உம்மா ஆகிய எல்லோரும், முகம் தெரியாத ஒரு நோயாளியின் சுகத்தில் பங்காளிகளாகின்றனர். தாதியத் துறையில் பயிலும் ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

இனி, கையைப் பிடித்துக் கொண்டு நிற்கும் அந்த மூதாட்டியிடம் திரும்புவோம். கட்டுரையை உள்ளபடி தேடி எழுதிய நீங்கள் இப்போது "பிடிங்க உம்மா, ஒன்றும் ஆகாது" என்றும் சொல்ல மாட்டீர்கள். "சீனி வருத்தக்காரர் பிடிக்கவே கூடாது" என்றும் சொல்ல மாட்டீர்கள். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருப்பதை அவருக்கு நினைவூட்டுவீர்கள். பின்னர் இப்படிச் சொல்வீர்கள்:

"உம்மா, எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. நோன்புக்கு முந்தியே டொக்டர்கிட்ட உங்கட நிலைமையைக் காட்டி, மருந்து நேரத்தைக் கேட்டுக்கொள்வோம், வாங்க. நீங்களாக மருந்தை நிறுத்த வேணாம். நோன்போட விரல்ல குத்திச் சீனி பார்த்தா நோன்பு முறியாது. சீனி எழுபதுக்குக் குறைஞ்சாலோ, முந்நூறுக்குக் கூடினாலோ, நடுக்கம் வேர்வை வந்தாலோ உடனே நோன்பைத் திறந்திடணும்."

"இதெல்லாம் யாரு மகள் சொன்ன?" என்று அவர் கேட்கக்கூடும். அப்போது நீங்கள் தடுமாற வேண்டியதில்லை. யார் சொன்னது, எங்கே சொன்னது, எத்தனை பேரை விசாரித்துச் சொன்னது என்பதெல்லாம் உங்கள் கொப்பியில் இருக்கும்.

அல்லாஹ் உங்கள் கல்வியைப் பயனுள்ள கல்வியாக்கி, உங்கள் கைகளில் நோயாளருக்கு நிவாரணத்தை வைப்பானாக! ஆமீன்.